ஃப்ளை லைனைக் கழுவி, மருந்து பூசி, வடிவாக வைத்திருப்பது எப்படி?

போன கோடையில் ஒருநாள் ஒன்ராறியோவில் ஃபேர்கஸ் ஊருக்குக் கீழே, கிராண்ட் ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் லைன் வீசிக்கொண்டிருந்தேன். லைன் என்பது அந்தப் பூச்சியைக் கொண்டுபோகும் தடித்த நூல். வழக்கமாகச் சீறிக்கொண்டு போகிற லைன் அன்று பாதி வழியிலேயே தொய்ந்து விழுந்தது. விழுந்த லைனின் நுனிப்பக்கம் ஐந்தடி மெல்ல அமிழ்ந்து, மேலே மிதக்கவேண்டிய பூச்சியையும் கூடவே கீழே இழுத்துக்கொண்டு போனது. லைனின் காலம் முடிந்துவிட்டது, நூறு டொலர் கொடுத்துப் புதிது வாங்கவேண்டியதுதான் என்று மனம் சோர்ந்துபோனேன். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் தன் கைக்குட்டையை ஆற்றில் நனைத்து, என் லைனை அதற்குள் வைத்துப் பத்தடி இழுத்துக் காட்டினார். துணியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

அந்த லைனைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறேன். லைன் கெட்டுப்போகவில்லை, அழுக்காகியிருந்தது, அவ்வளவுதான். ஃப்ளை ஃபிஷிங் பழகத் தொடங்கிய நண்பர்கள் இதே முறைப்பாட்டோடு வருவதால், நான் செய்யும் முறையை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அழுக்கு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இங்கே கதை தலைகீழ். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பூச்சிக்குப் பாரம் என்று ஒன்றுமே இல்லை. லைன்தான் பாரம், நாங்கள் வீசுவதும் லைனைத்தான். 5ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அந்த 9 கிராமும் றொட்டின் (தூண்டில் கம்பின்) வளையங்களுக்கூடாக உரசாமல் ஓடினால்தான் பூச்சி தூரம் போகும்.

மிதக்கும் லைனின் உள்ளே பெரும்பாலும் பின்னிய நைலோன் நூல் இருக்கும். அதன்மேல் பிவிசி பூச்சு, சில கம்பனிகளில் பொலியூரிதேன். அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடிக் குமிழிகளைக் கலந்திருப்பார்கள். அவைதான் லைனைத் தண்ணீருக்கு மேலே தாங்குகின்றன. வெளிப்பக்கம் வழுவழுப்பாக, தண்ணீர் ஒட்டாமல் இருப்பதும் மிதப்பதற்கு உதவும். ஆற்றிலுள்ள பாசியும் மண்தூளும் அந்த வழுவழுப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால் தண்ணீர் லைனைப் பற்றிக்கொள்கிறது. நுனி மிக மெல்லியது, அங்கே பூச்சும் குறைவு, ஆகவே முதலில் அமிழ்வது நுனிதான். கிராண்ட் ஆற்றில் கோடைகாலத்தில் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். ஷாண்ட் அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரால் ட்ரௌட் மீன் வாழ்கிறது என்றாலும், லைனுக்கு அது சுத்தமான ஆறு அல்ல.

இன்னொன்று: அந்தப் படலத்தில் மணல்துகளும் இருக்கும். ஒவ்வொரு வீச்சிலும் அது அரத்தாள்போல றொட்டின் வளையங்களைத் தேய்க்கிறது.

வேண்டிய சாமான்கள்

இரண்டு வாளி, கை கழுவும் மென்மையான சவர்க்காரம், மூன்று மைக்ரோஃபைபர் துணி, லைனை வழுவழுப்பாக்கி மிதக்கவைக்கவென்று கடையில் விற்கும் மருந்து ஒரு சிறு போத்தல், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி இரண்டு.

சவர்க்காரத்தில் கவனம் வேண்டும். சட்டி பானையின் எண்ணெய்ப்பிசுக்கை வெட்டியெடுக்கும் வீரியமான திரவங்களை நான் பாவிப்பதில்லை. பிவிசி இளக்கமாக இருப்பதற்கு அதற்குள்ளேயே ஒரு சேர்மானம் இருக்கிறது. அது குறையக் குறைய லைன் விறைத்து, பிறகு வெடிக்கும். பிசுக்கை உரித்தெடுக்கும் எதையும் லைனிலிருந்து தள்ளியே வையுங்கள்.

படி 1: முன்தங்கூசியைக் கழற்றுங்கள்

லைனின் நுனியில் கட்டியிருக்கும் தங்கூசியையும் பூச்சியையும் கழற்றிவிடுங்கள். கொக்கியோடு வாளிக்குள் இறக்கினால் துணியும் கிழியும், விரலும் கிழியும்.

படி 2: சவர்க்கார வாளி

முதல் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைவாசிக்கு எடுத்து, சவர்க்காரம் சில துளி விட்டுக் கலக்குங்கள். கை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போல இருக்கவேண்டும். கொதிநீர் பூச்சைக் கெடுக்கும்.

இனி றீலிலிருந்து (லைன் சுற்றியிருக்கும் உருளையிலிருந்து) லைனை இழுத்து இழுத்து, வட்டம் வட்டமாக வாளிக்குள் விழ விடுங்கள். முழு லைனும் 27 முதல் 30 மீட்டர் வரை இருக்கும். ஆனால் தண்ணீரைக் கண்டது முன்பாதிதான். நீங்கள் வழக்கமாக வீசும் தூரத்துக்கு மேலே இன்னும் ஐந்தாறு மீட்டர் இறக்கினால் போதும். லைனுக்குப் பின்னால் கட்டியிருக்கும் மெல்லிய நூல் வரை போகவேண்டியதில்லை. இருபது நிமிடம் ஊறட்டும்.

படி 3: துணிக்கூடாகத் திருப்பிச் சுற்றுங்கள்

முதன்முறை செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான். என் நண்பர் ஒருவர் லைன் நுனியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து துடைத்துத் துடைத்து இரண்டாவது வாளிக்குள் போட முயன்றார். நுனியோ முதலில் விழுந்தது, எல்லா வட்டங்களுக்கும் அடியில் கிடக்கிறது. அதை இழுத்தால் மேலே கிடக்கும் அத்தனை வட்டமும் சிக்கிக்கொள்ளும். அன்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருவருமாக இருந்து சிக்கெடுத்தோம்.

வாளிக்குள் மேலே கிடப்பது றீல் பக்கத்து முனை. ஆகவே அங்கிருந்து தொடங்கி, ஈரத்துணியை இரண்டாக மடித்து லைனை அதற்குள் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, நேராக றீலிலேயே திருப்பிச் சுற்றுங்கள். அப்போது கடைசியாக வெளியே வருவது நுனி. ஒரு முடிச்சும் விழாது. துணியை நெரிக்கவேண்டாம். இறுக்கிப் பிடித்து வேகமாக இழுத்தால் உரசலிலேயே சூடு ஏறும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை துணியின் இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் முதல் மீட்டரில் எடுத்த அழுக்கைப் பத்தாவது மீட்டரில் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

துணியில் கோடு மிகவும் கறுப்பாக விழுந்தால், இதே வாளியில் இன்னொரு முறை.

படி 4: வெறுந்தண்ணீர்

சுற்றிய லைனை மறுபடி இழுத்து, இந்தமுறை சவர்க்காரம் இல்லாத வாளிக்குள் விடுங்கள். மெல்ல அலசி, காய்ந்த துணிக்கூடாக முன்போலவே றீலில் சுற்றுங்கள். சவர்க்காரம் மிச்சமிருந்தால் லைன் தண்ணீரை ஈர்க்கும், பிறகு பூசும் மருந்தும் பிடிக்காது. ஆகவே சந்தேகம் இருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொருதரம் அலசுங்கள். வாளித் தண்ணீரைப் புல்லில் ஊற்றுங்கள், ஓடையில் வேண்டாம்.

படி 5: கண்ணாலும் நகத்தாலும் பாருங்கள்

இப்போது லைன் சுத்தமாக இருப்பதால் குறைகள் தெளிவாகத் தெரியும். முன்பக்கத்து 10 மீட்டரை விரல்நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் நகத்தில் தட்டும். லைன் நுனியில் தங்கூசியைக் கட்டும் வளையத்தின் அடியையும் பாருங்கள். அங்கே வெடித்திருந்தால் உள்ளே இருக்கும் பின்னல் நூல் விளக்குத்திரிபோலத் தண்ணீரை உறிஞ்சும், எவ்வளவு கழுவினாலும் நுனி அமிழும். அதற்கு வெடித்த துண்டை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போட்டு, வெட்டுவாயை வளையக்கூடிய பசையால் மூடவேண்டும். லைன் நெடுகிலும் வெடிப்பு என்றால் எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. அப்போதுதான் புதியது வாங்கவேண்டும்.

படி 6: மருந்து பூசுதல்

கழுவாமல் மருந்து பூசாதீர்கள். கடையில் போத்தலைப் பார்த்ததும் வாங்கிவந்து நேரே பூசிவிடுகிறோம். அழுக்கின்மேல் பூசினால் அழுக்கு இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் வேலையின் முக்கால்வாசியைச் சவர்க்காரத் தண்ணீரே செய்துவிடுகிறது. மருந்து மிச்சத்துக்குத்தான்.

லைன் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். காய்ந்த துணியில் பத்துச் சதக் காசளவு மருந்து விட்டு, லைனை அதற்கூடாக இழுத்து, சுத்தமான துவாய் ஒன்றின்மேல் வட்டமாக விழ விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். பிறகு மூன்றாவது துணியால் மிச்ச மருந்தை முழுவதுமாகத் துடைத்தெடுத்துக்கொண்டே றீலில் சுற்றுங்கள். துடைத்தபின் விரலில் பிசுபிசுப்பு இருக்கவே கூடாது. பிசுபிசுத்தால் அடுத்தநாள் ஆற்றுப்பாசி அதிலேதான் வந்து ஒட்டும்.

எந்த மருந்து என்று கேட்பீர்கள். உங்கள் லைனைச் செய்த கம்பனியே விற்பது பாதுகாப்பானது. பிவிசிக்கும் பொலியூரிதேனுக்கும் தேவை வேறு, போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தேங்காயெண்ணெய் பூசலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பூசவேண்டாம், அது தூசியைச் சேர்க்கும். மண்ணெண்ணெய், பெற்றோல் கலந்த எதுவும் பூச்சையே கெடுக்கும்.

பட்டு லைன் காலத்தவர்களை நினைத்தால் எனக்கு மதிப்புத்தான் வருகிறது. 1950களில் பிவிசி பூசிய லைன்கள் வரும்வரை பட்டு நூலில்தான் மீன் பிடித்தார்கள். மிதப்பதற்காகக் காலையில் கொழுப்பு பூசவேண்டும், பின்னேரம் வந்து முழு லைனையும் றீலிலிருந்து கழற்றிக் காயப்போடவேண்டும், மறந்தால் உக்கிப்போகும். 1880களில் நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில் வெள்ளைக்காரர் ட்ரௌட் கொண்டுவந்து விட்டபோது இருந்தது அந்தக் காலம். நாள்தோறும் அவர்கள் செய்ததை நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம்.

படி 7: வளையங்கள்

லைன் சுத்தமானபின் றொட்டின் அழுக்கு வளையத்துக்கூடாக விடுவதில் பயனில்லை. பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கத்தையும் சுற்றித் துடையுங்கள். பஞ்சுநூல் எங்காவது சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாவிட்டால் எந்த லைனையும் அது அறுத்துத் தள்ளும்.

அமிழும் லைன் வைத்திருப்பவர்களுக்கு

கழுவுவது எல்லாம் இதே முறைதான். மிதக்கவைக்கும் மருந்தை மட்டும் தொடவேண்டாம். நுனி மட்டும் அமிழும் வகையென்றால் மிதக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நான் நான்கைந்து தடவை ஆற்றுக்குப் போனால் ஒருமுறை முழுதாகக் கழுவுவேன். பாசி கூடிய ஓகஸ்ட் மாதத்தில் அதைவிடச் சீக்கிரம். உப்புத்தண்ணீரில் வீசினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசவேண்டும். இடையில், கரையேறும்போது ஈரத்துணியால் முதல் பத்து மீட்டரைத் துடைத்துவிட்டால் பெரிய வேலை மிச்சம்.

நுளம்பு மருந்து பற்றியும் சொல்லவேண்டும். டீட் கலந்த மருந்து பிளாஸ்ரிக்கை இளக்கிக் கரைக்கும். ஒன்ராறியோவில் ஜூன் மாதம் அது இல்லாமல் ஆற்றங்கரையில் நிற்க முடியாது, எனக்கும் தெரியும். புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள், உள்ளங்கையிலும் விரலிலும் படவே விடாதீர்கள். வெயிலுக்குப் பூசும் கிறீமுக்கும் இதே எச்சரிக்கைதான்.

குளிர்காலத்துக்கு எடுத்துவைத்தல்

செப்ரெம்பர் முடிவில் ட்ரௌட் சீசன் மூடினால் ஏப்ரல் பிற்பகுதி வரை லைனுக்கு வேலை இல்லை. ஆறேழு மாதம் சின்ன றீலில் இறுகிக் கிடந்தால் வசந்தத்தில் வில்லுச் சுருள்போலத்தான் வெளியே வரும். அப்படி வந்தால் இரண்டு கைக்கும் இடையில் ஒவ்வொரு பாகமாகப் பிடித்து மெதுவாக இழுத்து, சில விநாடி வைத்திருந்தால் நேராகும். வெடுக்கென்று இழுக்கவேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் லைனை விடுவது எல்லாவற்றிலும் கெடுதல், அந்த வெக்கையில் பூச்சு சீக்கிரம் முதுமையடைந்துவிடும்.

நான் செய்வது, கடைசிக் கழுவல் முடிந்ததும் லைனை றீலிலிருந்து முழுவதுமாகக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாகத் தளர்வாகச் சுற்றி, மூன்று இடத்தில் நூலால் கட்டி, நிலவறையில் வெயில் படாத ஆணியில் தொங்கவிடுவது. கழற்றுமுன் றீலோடு இருந்த முனையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, “றீலுக்கு” என்று எழுதிவிடுங்கள். முன்பக்கம் தடித்த லைனைத் தலைமாறிச் சுற்றினால், வீச உதவும் பாரம் முழுவதும் றீலின் அடியில் புதைந்து கிடக்கும். ஏப்ரல் மாதக் காலையில் ஆற்றுக்குள் இறங்கிய பிறகுதான் அது தெரியவரும்.