பக்கத்து மனையில் பில்டர் பள்ளம் தோண்டுகிறாரா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கிய அன்றே குடிநீர் பைப் உடைந்து, மூன்று நாள் குடத்தோடு அலைந்தோம், அதனால் சொல்கிறேன். தோண்டும் முன்பே குடிநீர் பைப், பாதாளச் சாக்கடை இணைப்பு, மின் சர்வீஸ் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. உடைந்தால் தன் செலவில் அன்றைக்கே சரிசெய்வதாக பில்டரிடமே எழுதி வாங்குங்கள், மறுத்தால் அதையே நீங்கள் அவருக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி வையுங்கள். சாரம் ஒயரில் உரசினால் பேச்சே வேண்டாம், உடனே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் போன் போடுங்கள். ஒயரை நகர்த்துவது மின்வாரிய ஆட்களின் வேலை, பில்டரின் எலக்ட்ரீஷியனைத் தொட விடாதீர்கள். குடிநீர், சாக்கடை என்றால் மாநகராட்சியில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம், உடைந்த பைப்பை ஒட்டியதும் மண்ணைத் தள்ளி மூடப் பார்ப்பார்கள். தண்ணீர் விட்டுக் கசிவு இல்லை என்று நீங்களே பார்க்கும்வரை விடாதீர்கள்.