மடிக்கணினியில் ஒரு மினிமோக்: காலிப் பேட்சிலிருந்து ஜாரு விழும் லீட் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண விருந்திலும் கீபோர்டு வாசிக்கிற தம்பிகளிடம் "அந்த லீட் சத்தம் எப்படி வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பிரீசெட் அண்ணே." பிரீசெட்டில், அதாவது யாரோ முன்பே அமைத்து வைத்த சத்தத்தில், தப்பொன்றும் இல்லை. ஆனால் மண்டபத்து ஸ்பீக்கரில் அது கீச்சென்று கேட்டால் எந்தக் குமிழைத் தொடுவது என்று கைக்குத் தெரியாது. அதனால் இங்கே காலியான ஒரு பேட்சிலிருந்து (ஒரு சத்தத்துக்கான அமைப்புகளின் தொகுப்பு) ஆரம்பித்து, மினிமோக் மாடல் டி என்ற பழைய சின்தசைசர் மாதிரி ஒலிக்கும் லீட் (மெட்டைத் தனியாக வாசிக்கும் சத்தம்) ஒன்றைக் கட்டப் போகிறோம். தேவையானவை: ஒரு மடிக்கணினி, வயர் உள்ள ஹெட்போன், முடிந்தால் 25 கட்டை மிடி கீபோர்டு. மென்பொருளுக்கு ஒரு சென் கூடச் செலவில்லை.

ஏன் மினிமோக் என்று கேட்கலாம். 1970ல் நியூயார்க் மாநிலத்து ட்ரூமன்ஸ்பர்க்கில் ராபர்ட் மோக்கின் நிறுவனம் செய்த கருவி அது. அதற்கு முன்னால் அவர்கள் விற்ற சின்தசைசர்கள் அலமாரி அளவில் இருக்கும்; ஒவ்வொரு பாகத்தையும் வயரால் இணைத்த பிறகுதான் சத்தம் வரும். மினிமோக்கில் அந்த இணைப்பெல்லாம் உள்ளேயே முடிந்துவிட்டது. ஒலி அலையை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர், அதில் ஒரு பகுதியை வெட்டும் ஒரு ஃபில்டர், சத்தம் எழுந்து அடங்கும் விதத்தை நிர்ணயிக்கும் இரண்டு என்வலப், 44 கட்டை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும்.

அந்த ஒற்றை ஸ்வரத்தைத்தான் பலர் குறையாகச் சொல்வார்கள். நமக்கு அது குறையே இல்லை. நாதஸ்வரத்திலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான், வாய்ப்பாட்டிலும் அப்படித்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பியானோ சத்தத்தில் கமகம் வராது. மினிமோக்கில் கட்டைகளுக்கு இடது பக்கம் சுருதி வளைக்கும் சக்கரம் இருக்கிறது, ஸ்வரங்களை வழுக்கவிடும் கிளைடு இருக்கிறது. என்னைக் கேட்டால், மேற்கில் செய்த கீபோர்டுகளில் நம் சங்கீதத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

எந்த மென்பொருள்?

மினிமோக்கை அச்சு அசலாகக் காட்டும் மென்பொருள்கள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆர்ட்டூரியாவின் மினி வி அதில் பெயர் பெற்றது. ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு மோக் நிறுவனமே 2018ல் ஒரு செயலி விட்டது. நாம் எடுக்கப் போவது சர்ஜ் எக்ஸ்டி. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மினிமோக்கின் படம் திரையில் தெரியாது. ஆனால் அதைக் கட்டத் தேவையான பாகம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொன்றையும் நாமே எடுத்து வைப்பதால் எது என்ன வேலை செய்கிறது என்று காதுக்குப் புரியும். தோட்டத்தில் இணையம் இழுத்துக்கொண்டிருந்தால் பட்டணத்துக்கு வரும்போது பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாசிக்க இணையம் வேண்டாம்.

முதல் வேலை: தாமதத்தைக் குறைப்பது

சர்ஜைத் தனிச் செயலியாகத் திறந்து, ஆடியோ மிடி செட்டிங்ஸுக்குப் போங்கள். விண்டோஸில் சாதன வகையை 'விண்டோஸ் ஆடியோ எக்ஸ்க்ளூசிவ் மோட்' என்று மாற்றுங்கள். சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஒலித் துளிகள்) 48,000, பஃபர் (ஒரு தடவையில் கணினி சேர்த்து அனுப்பும் துளிகள்) 256. கணக்கு எளிது: 256ஐ 48,000ஆல் வகுத்தால் சுமார் 5.3 மில்லிசெகண்ட். கட்டையைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் பஃபர் மட்டும் தின்னும் நேரம் அது. 1,024 என்று விட்டுவைத்தால் 21 மில்லிசெகண்டைத் தாண்டும். உறுமியோடு சேர்ந்து வாசிக்கும்போது தாளம் பின்னால் இழுப்பது தெரிந்துவிடும். 256ல் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டால் கணினியால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்; 512க்குப் போங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதத்தை எந்த செட்டிங்ஸும் சரிசெய்யாது.

மூன்று ஆசிலேட்டர்

பேட்ச் பட்டியலில் டெம்ப்ளேட்ஸ் என்ற பகுதியில் 'இனிட் சா' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஒரு கட்டையைத் தட்டுங்கள். மொட்டையாக, கூர்மையாக ஒரு சத்தம். ரம்பப் பல் வடிவ அலை என்பது இதுதான். இனிமை கொஞ்சமும் இருக்காது, கவலைப்படாதீர்கள்.

இப்போது இரண்டாவது ஆசிலேட்டருக்குப் போங்கள். வகை கிளாசிக், ஷேப் நடுவில் பூஜ்யம். அதுவும் ரம்பப் பல்தான். அதன் பிட்ச் மேல் வலது கிளிக் செய்து 0.06 என்று தட்டச்சு செய்யுங்கள். அதாவது ஒரு அரைஸ்வரத்தில் நூறில் ஆறு பங்கு. மூன்றாவது ஆசிலேட்டரை ஒரு ஆக்டேவ் கீழே இறக்கி, ஷேப்பை மைனஸ் 100க்குத் தள்ளுங்கள். அது சதுர அலையாகும். மிக்ஸரில் இரண்டும் மூன்றும் ஊமையாக்கப்பட்டிருந்தால் எம் என்ற பொத்தானை அணையுங்கள். மூன்றாவதன் அளவை மட்டும் மற்றதைவிடக் குறைத்து வையுங்கள்.

இப்போது ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் சத்தம் மெல்ல அலையடிக்கும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 0.06 வித்தியாசம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை அலை. ஒரு ஆக்டேவ் கீழே போனால் அதில் பாதி. இரண்டு நாதஸ்வரக்காரர்கள் ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து பிடிக்கும்போது வருகிற அகலம் இதே மாதிரிதான் பிறக்கிறது. 0.06ஐ 0.2 ஆக்கிப் பாருங்கள், அபஸ்வரம் கேட்கும். 0.05க்கும் 0.1க்கும் இடையில் உங்கள் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஃபில்டர்: இங்கேதான் மோக் இருக்கிறது

ஆசிலேட்டரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மினிமோக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் ஏணி ஃபில்டர். டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாக, ஏணிப் படி போல அடுக்கிய மின்சுற்று. 1969ல் மோக்குக்கு இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம் வெட்டும். அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அலையின் உயரம் சுமார் பதினாறில் ஒரு பங்காகும்.

இதைக் கணினியில் கொண்டுவருவது லேசான காரியமாக இருக்கவில்லை. டிரான்சிஸ்டர் சத்தத்தை வெட்டும்போதே கொஞ்சம் வளைக்கவும் செய்யும். அந்த வளைவில்தான் வெதுவெதுப்பு இருக்கிறது. வெறும் கணித ஃபில்டரில் அது வராது. 2004ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி ஹூவொவிலைனன் அந்த வளைவையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையில் தந்தார். பின்னால் வந்த பல மென்பொருள்கள் அந்த வழியில் போயிருக்கின்றன.

சர்ஜில் முதல் ஃபில்டரின் பட்டியலைத் திறந்து, லோபாஸ் பிரிவில் 'வின்டேஜ் லேடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டு தொடங்கும் அதிர்வெண்ணான கட்ஆஃபை 600 ஹெர்ட்ஸ் அருகில் வையுங்கள். கூர்மை போய், சத்தம் உருண்டையாகும். அடுத்து ரெசனன்ஸை மெதுவாக ஏற்றுங்கள். கட்ஆஃப் இருக்கும் இடத்தில் மூக்கால் பேசுவது போல ஒரு முனகல் எழும். இன்னும் ஏற்றினால் கீழ் ஸ்வரங்களின் கனம் குறைவதையும் கவனியுங்கள். ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். அசல் ஏணி ஃபில்டரின் குணமே அதுதான். உச்சிக்குக் கொண்டுபோனால் ஃபில்டர் தானே விசில் அடிக்கும், ஹெட்போனில் காது ஜாக்கிரதை. நம் லீடுக்கு 25 சதவீதம் போதும்.

கீடிராக் என்ற ஸ்லைடரை 67 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது ஃபில்டரும் கூடவே திறக்கும். இல்லாவிட்டால் தார ஸ்தாயி அமுங்கிப் போகும். அசல் கருவியில் இதற்கு இரண்டு சுவிட்ச் இருந்தன, ஒன்று மூன்றில் ஒரு பங்கு, மற்றது மூன்றில் இரண்டு பங்கு. மிக்ஸரில் ஃபில்டருக்கு முன் வரும் கெயினை 6 டெசிபெல் கூட்டிப் பாருங்கள். ஃபில்டருக்குள் சத்தம் நெருக்கியடித்துப் போகும்போது வருகிற கரகரப்பு எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம்.

என்வலப்பைச் சுருக்கமாக முடிப்போம். ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், டிகே (இறங்கும் நேரம்) 0.4 வினாடி, சஸ்டெயின் (கட்டையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) 40 சதவீதம்; அது கட்ஆஃபை எவ்வளவு தள்ள வேண்டும் என்ற ஸ்லைடரை 30 அரைஸ்வரம் அளவுக்கு ஏற்றுங்கள். சத்தத்தின் அளவைப் பார்க்கும் ஆம்ப் என்வலப்பில் அட்டாக் 10 மில்லிசெகண்ட், சஸ்டெயின் முழுசாக. அசல் மினிமோக்கில் ரிலீசுக்கு (கட்டையை விட்ட பிறகு அடங்கும் நேரம்) தனிக் குமிழ் கிடையாது, டிகே குமிழே அந்த வேலையையும் பார்க்கும். அதனால் ரிலீசையும் டிகேயையும் ஒரே எண்ணில் வைத்தால் பழைய வாசனை கொஞ்சம் கூடும்.

ஒற்றை ஸ்வரமும் வழுக்கலும்

பிளே மோடில் 'மோனோ எஸ்டி எஃப்பி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததைத் தட்டினால் என்வலப் மறுபடி ஆரம்பிக்காது, வழுக்கலும் அப்போது மட்டும்தான் வரும். விரலைத் தூக்கிவிட்டுத் தட்டினால் ஸ்வரம் வெட்டென்று விழும். ஒரே மூச்சில் ஊதுவதும் மூச்சு விட்டு ஊதுவதும் இப்போது உங்கள் விரலில் இருக்கிறது. அசல் கருவியில் கிளைடைப் போட்டால் எல்லா ஸ்வரமும் வழுக்கும். இது அதைவிட நமக்கு வசதி.

வழுக்கும் நேரமான போர்ட்டமென்டோவை 80 மில்லிசெகண்டில் வையுங்கள். அதன் மேல் வலது கிளிக் செய்தால் வளைவை மாற்றலாம். வேகமாகக் கிளம்பி, சேர வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்தில் வந்து நிதானிக்கிற வளைவு எதுவோ, அதுதான் அசல் கிளைடுக்கு நெருக்கம்.

இன்னொன்று. அசலில் இரண்டு கட்டைகளைப் பிடித்தால் கீழ் ஸ்வரம்தான் ஒலிக்கும். ச பிடித்துக்கொண்டு மேலே ரி தட்டினால் ரி வரவே வராது. இந்த மாதிரிப் பிடிகளுக்கு அது சரிப்படாது. சர்ஜ் கடைசியாகத் தட்டியதற்கே முன்னுரிமை தரும், அதை அப்படியே விடுங்கள். அசலுக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று சொந்த வாசிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சோதிக்க சரளி வரிசையே போதும். முதல் வெள்ளைக் கட்டையை ச என்று வைத்து மாயாமாளவகௌளையில் ஏறுங்கள். முதல் முறை விரல் தூக்கி, அடுத்த முறை விடாமல். அப்புறம் ச வைப் பிடித்துக்கொண்டே ப தட்டிவிட்டு ப வை மட்டும் விடுங்கள். வழுக்கி இறங்கி வரும் அந்தக் கமகம்தான் ஜாரு. சுருதிச் சக்கரத்தின் எல்லை மேலும் கீழும் 2 அரைஸ்வரம் என்று இருக்கட்டும். ச விலிருந்து சக்கரத்தைப் பாதி ஏற்றினால் சுத்த ரிஷபம் வந்துவிடும். அந்தப் பாதி எங்கே என்பதைக் கை பழக்கிக்கொள்ள வேண்டும், கண்ணால் பார்த்து ஆகாது.

கொஞ்சம் சுருதி விலகட்டும்

பழைய அனலாக் ஆசிலேட்டர்களுக்குச் சூடு ஆகாது. வெப்பம் மாறினால் சுருதி நகரும். நம் ஊர் மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அசல் கருவியை வைத்திருந்தால் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணினிக்கு அந்தத் தொல்லை கிடையாது; அதனாலேயே சத்தம் செத்த மாதிரி இருக்கும். ஆசிலேட்டர் டிரிஃப்ட் என்ற ஸ்லைடரை 10 அல்லது 15 சதவீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு ஆசிலேட்டரிலும் ரீட்ரிகர் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது எரிந்தால் ஒவ்வொரு தட்டலும் அலையின் அதே புள்ளியில் தொடங்கும், எந்திரம் வாசிக்கிற மாதிரிக் கேட்கும்.

பேட்சைச் சேமியுங்கள். பெயரில் ராகத்தையோ கோயிலையோ சேர்த்து வைத்தால் மேடையில் தேடும் நேரம் மிச்சம்.

மண்டபத்துக்குப் போகும்போது

மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு வயர் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சின்த்தைக் குற்றம் சொல்லாதீர்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். சார்ஜரின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதால் வருகிற இரைச்சல் அது. கச்சேரி நேரத்துக்கு பேட்டரியில் ஓட்டுங்கள்; அல்லது ஆடியோ வயரின் எர்த்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்ஸருக்கும் இடையில் வைக்கும் இணைப்புப் பெட்டி) ஒன்றை நடுவில் போடுங்கள். பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பெரிய ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டால் கட்ஆஃபை 450க்கு இறக்குங்கள். கனம் அதிகமாகி உறுமியோடு மோதினால் மூன்றாவது ஆசிலேட்டரைக் குறையுங்கள். உறுமி தொடங்கிய பிறகு சரிசெய்யலாம் என்று விடாதீர்கள். அப்போது உங்கள் காதுக்கு எதுவும் கேட்காது.