நிலாவில் பிறந்தவள் ஏன் எல்லாக் கதையிலும் எட்டடி உயரம்?

நிலாவிலோ செவ்வாயிலோ பிறந்து வளர்ந்த ஒருத்தி அறிவியல் புனைகதைக்குள் வந்தாலே பெரும்பாலும் அவள் எட்டடி உயரம், குச்சி மாதிரி கை கால், பூமியில் இறங்கியதும் எலும்பு முறிந்து சரிவாள். இந்த உருவத்தை யோசிக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் இந்த வகைக் கதைகளில் நான் பார்க்கும் முதல் தவறு. விண்வெளி வீரர்கள் உயரமாகிறார்கள் என்பது உண்மைதான், ஏறக்குறைய 3 சதவீதம் வரை, அதாவது 170 செ.மீ. ஆளுக்கு 5 செ.மீ. கிட்ட. ஆனால் அது எலும்பு வளர்வதால் வருவதில்லை. பாரம் இல்லாததால் முதுகெலும்பு விரிந்து கொடுக்கிறது, அவ்வளவுதான், பூமிக்குத் திரும்பினால் பழைய உயரத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

எலும்பின் நீளத்தைப் பெரும்பாலும் மரபணுவும் ஹார்மோனும் ஊட்டமும் தீர்மானிக்கின்றன, அதன் தடிமனிலும் உறுதியிலும்தான் பாரத்துக்குப் பெரிய பங்கு. சிறுவயதில் போலியோ தாக்கிய கால் மெலிந்துபோவதோடு பல நேரம் மற்றக் காலைவிடக் குட்டையாகவும் நின்றுவிடும். அங்கே தசையே செயலிழந்திருக்கிறது, ஈர்ப்பு குறைந்த இடத்தில் அப்படி இல்லை, இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாரம் குறைந்தால் கால் தானாக நீண்டுகொண்டே போகும் என்று எழுதுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் நிலாப் பெண் குள்ளமாகவும் இருக்கலாம், அப்படி எழுத உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது, எடையின்மையையும் குறைந்த ஈர்ப்பையும் ஒன்றாகக் குழப்புவது. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது, நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். நமக்குத் தெரிந்த உடல் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த மிதப்பிலிருந்து வந்தவை: போதிய உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும், உடல் நீர் மேலேறி முகம் உப்பும், பார்வை மாறலாம். இதையெல்லாம் அப்படியே தூக்கி நிலாவாசிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நிலாத் தரையில் மனிதர்கள் மிக அதிகமாகத் தங்கியது 1972 டிசம்பரில், அப்போலோ 17, மொத்தம் 75 மணி நேரம். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் ஒரு மாதம் வாழ்ந்த மனிதர்கூட இதுவரை கிடையாது. ஈர்ப்பே உணராத மிதப்புக்கும் பூமியின் முழு ஈர்ப்புக்கும் நடுவே எந்த அளவு உடலுக்குப் போதும் என்பது திறந்த கேள்வி, எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு என்ன வேண்டும்? ஒரு பதிலை நீங்களே தேர்ந்தெடுங்கள், பிறகு கதை முழுக்க அதிலேயே நில்லுங்கள்.

அதற்கு ஒரு எண் வேண்டும். "ஈர்ப்பு குறைவு" என்று மட்டும் எழுதினால் போதாது. பூமியை 1 என்று வைத்தால் செவ்வாய் 0.38, நிலா 0.17, சனியின் துணைக்கோளான டைட்டன் 0.14, குறுங்கோளான சீரிஸ் 0.03. பூமியில் 40 செ.மீ. எம்பிக் குதிப்பவர், அதே வேகத்தில் தரையை விட்டால், நிலாவில் ஏறக்குறைய 2.4 மீட்டர் எழும்பி மூன்றரை விநாடி அந்தரத்தில் இருப்பார். சீரிஸில் கிட்டத்தட்ட 14 மீட்டர், எழும்பித் திரும்பக் கீழே வர மொத்தம் 20 விநாடி. கோபத்தில் காலைத் தரையில் உதைத்துவிட்டு விருட்டென்று வெளியேறும் காட்சியை சீரிஸில் எழுதவே முடியாது, உதைத்தவர் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். அங்கே வளர்ந்தவர்கள் கோபத்தை வேறு எதில் காட்டுவார்கள், உடம்பை அசைக்காமல் திட்டப் பழகியிருப்பார்களா? இந்த மாதிரிக் கேள்விகளிலிருந்துதான் ஒரு ஊர் உருவாகும்.

இங்கேதான் நிறையையும் எடையையும் பிரித்துப் பார்க்காத தவறு வருகிறது, அதுவும் அனேகமாக எல்லாச் சண்டைக் காட்சியிலும். நிலாவில் எடை ஆறில் ஒன்றாகும், உடம்பில் உள்ள பொருளின் அளவான நிறை அப்படியே இருக்கும். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவரை நிறுத்துவது தரையோடு காலுக்குள்ள உராய்வு, அந்த உராய்வு எடையைப் பொறுத்தது. பூமியில் 2 மீட்டருக்குள் சறுக்கி நிற்பவர் அங்கே 12 மீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்பார். ஆகவே அங்கே பிறந்தவர்கள் சுவரைப் பிடித்துத் திரும்புவார்கள், நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். மூலையில் மோதுகிறவர் புதிதாக வந்தவர் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும், இதற்குமேல் அவரை அறிமுகப்படுத்த ஒரு வரிகூடத் தேவையில்லை.

விழுந்தால் அடிபடாது என்பதும் தவறு. பூமியில் 3 மீட்டரிலிருந்து விழுவதும் நிலாவில் 18 மீட்டரிலிருந்து விழுவதும் தரையைத் தொடும் வேகத்தில் ஒன்றுதான். உயரத்துக்குப் பயப்படாமல் வளர்ந்த குழந்தைக்கு அந்த எல்லையை யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

இரண்டு மூன்று தலைமுறையில் பரிணாமம் மாற்றிவிட்டது என்று எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வாழ்நாளில் மெலிந்த எலும்பு பிள்ளைக்கு மரபாகப் போகாது. அந்தப் பிள்ளையின் உடல் தானே அந்த ஈர்ப்பில் வளர்ந்து மாற வேண்டும். ஆனால் அந்த வளர்ச்சி ஆழமானது. 1991இல் கொலம்பியா விண்கலத்தில் ஜெல்லிமீன்களை அனுப்பினார்கள், விண்வெளியில் பிறந்தவற்றில் பல பூமிக்கு வந்ததும் சரியாக நீந்த முடியாமல் தடுமாறின. ஈர்ப்பை உணர அவற்றுக்கும் நம் உள்காதில் இருப்பதுபோல நுண்ணிய படிகங்கள் உண்டு.

சரி, அவள் பூமிக்கு வருகிறாள். எலும்பு முறிவதை உடனே காட்ட வேண்டாம். எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். நிலாவில் 10 கிலோ போலிருந்த உடம்பு இங்கே 60 கிலோ, தன்னைப் போல இன்னும் ஐந்து பேரைச் சுமந்து நடப்பது போல. கழுத்து வலிக்கும், கணுக்கால் பிசகும், கையைத் தூக்கி வைத்துப் பேசினால் கை சோர்ந்துவிடும். தண்ணீரில் இறங்கினால்தான் மூச்சு சீராகும், அவள் நாளில் பாதியைக் குளத்திலேயே கழிக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு, அவளைப் பூமிக்காக ஏங்க வைப்பது. பார்த்தே இராத ஊருக்காக அவள் ஏன் ஏங்க வேண்டும்? அவளுக்கு அவள் உடம்பு குறைபட்ட உடம்பு இல்லை, பழகிய, போதுமான உடம்பு. மேசையிலிருந்து தவறும் கோப்பை நிலாவில் தரையைத் தொட ஒரு முழு விநாடி ஆகும், சின்ன வயதிலிருந்து அவள் அதை எட்டிப் பிடித்தே பழகியவள், அவளுக்குத் தவறுவது என்றால் பிடிக்கக்கூடியது. இங்கே 0.4 விநாடிதான். அவள் கை போய்ச் சேரும்போது கோப்பை உடைந்து கிடக்கிறது, யாரோ ஒருவர் பரவாயில்லை என்கிறார், அவள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.