ஒரு சுவர், ஒரு கையொப்பம்: இன்றைய ஓவியர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

தெரு ஓவியர்கள் யார் யார் என்று இணையத்தில் தேடினால், எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்துப் பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். படித்து முடித்த மறுநாளே பாதி மறந்துபோகும். அதைவிடத் தலைகீழாகப் போவது நல்லது. பார்த்ததும் உங்களை நிற்க வைத்த ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் வரைந்தார், எப்போது வரைந்தார், கூட யார் இருந்தார்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு சுவரை ஒழுங்காகத் துருவினால் ஐந்தாறு பெயர்களாவது கையில் சிக்கும்.

சுவர் முன்னால் நிற்கும்போது

குறைந்தது நான்கு போட்டோ எடுங்கள். முதலாவது முழுப் படம், நேர் எதிரே நின்று. தெரு குறுகலாக இருக்கிறதே என்று போனில் 0.5 லென்ஸுக்குப் போகாதீர்கள். ஓரங்கள் வளைந்து முகங்கள் இழுபட்டுவிடும். எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று சாதாரண லென்ஸில் இரண்டு மூன்று துண்டாக எடுப்பது மேல். மேகமூட்டமான வெளிச்சத்தில் நிறம் உள்ளபடி வரும். உச்சி வெயிலில் மேல்பாதி வெளிறிப்போய், மரநிழல் வேறு குறுக்கே விழும்.

இரண்டாவது, கையொப்பம். பெரும்பாலும் வலது கீழ் மூலையில் இருக்கும். இல்லாவிட்டால் இடது மூலை, அங்கும் இல்லாவிட்டால் சுவரின் பக்கவாட்டு விளிம்பு. கூடவே இரண்டு இலக்கத்தில் ஆண்டு இருந்தால் அதிர்ஷ்டம். பெரிய சுவரோவியங்களில் ஒரே மூலையில் நாலைந்து பெயர்கள் கிடக்கும்: ஓவியர், உதவியாளர்கள், விழா நடத்தியவர்கள், பெயின்ட் கொடுத்த கம்பெனி. பெயின்ட் கம்பெனியின் பெயரை ஓவியரின் பெயர் என்று எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. @ குறியோடு ஒரு பெயர் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

மூன்றாவது, கையெட்டும் தூரத்தில் சுவரின் மேற்பரப்பு. நான்காவது, சுற்றுப்புறம்: தெருப் பலகை, கதவு எண், பக்கத்துக் கட்டடம். போனில் இருப்பிடப் பதிவை ஆன் செய்து வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் போட்டோவாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் கழன்றுவிடும் என்பதால் மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

அருகில் போய்ப் பார்த்தால் தெரிவது

எப்படி வரைந்தார்கள் என்று புரிந்துவிட்டால் யாரைத் தேடுவது என்பதில் பாதி வேலை முடிந்தது. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருந்து, அதற்கு வெளியே மெல்லிய தூசிபோல் பெயின்ட் படிந்திருந்தால் அது ஸ்டென்சில், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த அட்டையைச் சுவரில் வைத்து மேலே பெயின்ட் தெளிப்பது. கண்ணின் கருவிழியையோ எழுத்தின் உள்வட்டத்தையோ மெல்லிய பட்டை ஒன்று வெளிப்பகுதியோடு இணைக்கும். அட்டையில் அந்தத் துண்டு கழன்று விழாமலிருக்க விட்ட பாலம் அது. பல அடுக்கு ஸ்டென்சிலில் இரண்டு நிறங்கள் சேருமிடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு இருக்கும்.

ஸ்ப்ரே கேனைக் கையால் ஓட்டியிருந்தால் கோட்டின் தடிமன் மாறும். அருகில் பிடித்தால் கூர்மை, தள்ளிப் பிடித்தால் புகைபோல் மங்கல், ஒரே இடத்தில் தாமதித்தால் வடிதல். காகிதத்தில் வரைந்து பசை தடவி ஒட்டியது என்றால் மூலைகள் தூக்கியிருக்கும், சுருக்கம் தெரியும். இவை சில மழைக்குமேல் தாங்காது. பார்த்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஏழெட்டு மாடி உயரச் சுவரில் முகத்தின் விகிதம் எப்படிக் கெடாமல் வருகிறது? சிலர் கட்டம் போடுவார்கள், சிலர் இரவில் புரொஜெக்டர் வைப்பார்கள். இன்னொரு முறை பார்க்க வேடிக்கையாக இருக்கும். சுவர் முழுக்க அர்த்தமில்லாத கிறுக்கல்களை, எழுத்துகளை, சுழிகளைப் போட்டு அதைப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவின் மேல் ஸ்கெட்ச்சைக் கணினியில் பொருத்துவார்கள். பிறகு ‘இந்தச் சுழிக்கு மேலே மூக்கு நுனி’ என்று பார்த்துப் பார்த்து வரைவார்கள். வேலை நடக்கும் சுவரில் கிறுக்கலைப் பார்த்து யாரோ நாசம் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முடிந்த சுவரிலும் பெயின்ட் மெலிதாக விழுந்த இடத்தில் சில நேரம் அந்தக் கிறுக்கல் எட்டிப்பார்க்கும்.

பெயரைக் கண்டுபிடிப்பது

கிராஃபிட்டி, அதாவது தன் பெயரையே சுவரில் ஸ்ப்ரே செய்யும் வகையில், எழுத்துகள் படிக்க முடியாதபடி முறுக்கியிருக்கும். வேண்டுமென்றேதான். பெரிய எழுத்தோடு மல்லுக்கட்டாமல், பக்கத்தில் ஒற்றைக் கோட்டில் அதே பெயர் எளிமையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முதல் நான்கு எழுத்துகளில் ஒரு சுருக்கம் இருந்தால் அது பெரும்பாலும் குழுவின் பெயர். குழுவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினால் தனிப்பெயரைவிடச் சீக்கிரம் விடை வரும்.

கையொப்பமே இல்லையென்றால் படத்தைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதற்கு முன் வானம், கார், நடைபாதை எல்லாவற்றையும் வெட்டி எறிந்து ஓவியத்தை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் கட்டடத்தைத்தான் தேடும். விடை வராவிட்டால் ஒரு முகத்தையோ ஒரு கையையோ மட்டும் வெட்டி மறுபடி போடுங்கள். அடுத்து ஸ்ட்ரீட் ஆர்ட் சிட்டீஸ் செயலியின் வரைபடம், இன்ஸ்டாகிராமில் அந்த இடத்தின் பக்கம், விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியம்.

கிடைத்த பெயரை உடனே நம்பிவிடக் கூடாது. படங்களைச் சேமித்துப் பகிரும் பின்டரெஸ்ட் தளத்தில் ஒருவர் தப்பாகப் பெயர் போட்டால் அதையே நூறு பேர் நகலெடுப்பார்கள். ஓவியரின் சொந்தப் பக்கத்தில் அந்தச் சுவர் இருக்கிறதா என்பதே சோதனை. ஸ்டென்சில் என்றாலே, முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்ஸிதான் என்று சொல்லிவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் தன் தெரு வேலைகளைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில்தான் உறுதி செய்கிறார். விற்பனைக்கு வரும் படைப்புகளுக்குச் சான்று தர பெஸ்ட் கன்ட்ரோல் என்ற அலுவலகம் தனியாக இருக்கிறது.

இன்னொரு பொறி: கணினி உருவாக்கிய போலிச் சுவர்கள். மலையளவு ஓவியம், ஆனால் தெருப்பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஒரே கோணத்தில் ஒரே படம். உண்மையான பெரிய சுவர் என்றால் பல பேர் பல கோணத்தில் எடுத்திருப்பார்கள், நடுவில் ஒரு மின்கம்பமாவது மறைக்கும்.

அது இன்னும் இருக்கிறதா?

வரைபடத்தில் புள்ளி இருப்பதால் ஓவியம் இருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். சுவரெல்லாம் கிராஃபிட்டியாக இருந்த நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தை 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடித்தார்கள். அதற்காக 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது; சுவர் திரும்பி வரவில்லை. சில நேரம் ஓவியரே அழித்துவிடுவார். இத்தாலியின் புளூ, பெர்லினில் இருந்த தன் புகழ்பெற்ற சுவர்களைக் கறுப்படிக்க 2014-இல் சம்மதித்தார். 2016-இல் தெரு ஓவியங்களைப் பெயர்த்தெடுத்துக் கண்காட்சி வைத்ததை எதிர்த்து பொலோன்யாவில் தன் படங்களையெல்லாம் சாம்பல் நிறத்தால் மூடினார்.

கிளம்புமுன் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, கணினியில் என்றால் மேல்மூலையில் இருக்கும் பழைய தேதிகளைச் சொடுக்குங்கள். எந்த ஆண்டில் சுவர் காலி, எந்த ஆண்டில் ஓவியம் வந்தது என்று தெரியும். கையொப்பத்தில் ஆண்டு இல்லாத ஓவியத்தின் வயதையும் இப்படியே கணிக்கலாம்.

ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு

பெயர் கிடைத்ததும் மூன்று பக்கம் போகலாம். முதலில், கூட வரைந்தவர்கள். புளூவும் பிரேசிலின் இரட்டையர்களான ஓஸ் ஜெமியோஸும் 2010-இல் லிஸ்பனில் ஒரே கட்டடத்தில் வரைந்தார்கள். ஒருவரைத் தெரிந்துகொண்டால் மற்றவர் தானாக வருவார். அடுத்து, விழாக்கள். நார்வேயின் ஸ்டாவாங்கரில் நடக்கும் நுவார்ட் மாதிரியான விழாக்கள் ஒவ்வோர் ஆண்டும் யார் யார் வந்தார்கள் என்று வெளியிடும். இந்த ஆண்டுப் பட்டியலைவிட எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் உபயோகமானது. அதில் யார் இன்னும் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய கை எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

மூன்றாவது, முறை. ஸ்டென்சில் பிடித்திருந்தால் 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் எலி உருவங்களை ஸ்ப்ரே செய்த பிளெக் லெ ரா வரை பின்னால் போங்கள். காகிதம் பிடித்திருந்தால் ஸ்வூன், ஜேஆர். சுவரில் பூசாமல் டிரில்லும் உளியும் கொண்டு செதுக்கி முகம் எடுப்பவர் போர்த்துகலின் வில்ஸ்.

எழுத்து பிடித்திருந்தால் அரபு எழுத்தில் வரையும் எல் சீட். 2016-இல் கெய்ரோவில் குப்பை சேகரிப்பவர்கள் வாழும் மன்ஷியத் நாசர் பகுதியில் ஐம்பது கட்டடங்கள்மேல் ஒரே வாக்கியத்தை எழுதினார். தெருவில் நின்றால் ஒரு வீட்டின்மேல் வளைந்த ஒரு வண்ணப்பட்டை மட்டும்தான் தெரியும். மொகத்தம் குன்றில் ஏறி, சரியான இடத்தில் நின்றால்தான் துண்டுகள் சேர்ந்து எழுத்தாகும். எந்தப் பெரிய ஓவியத்தைப் பார்த்தாலும், அதை எங்கே நின்று பார்க்கச் சொல்கிறார் என்று தேடுங்கள். கிட்டப் போனால் குழம்பிப்போகும் படங்கள் ஏராளம்.

கூரைக்கு உள்ளே

கேன்வாஸ், சிற்பம், வீடியோ என்று வேலை செய்பவர்களுக்கு பியனாலேக்களின் (பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சிகள்) பங்கேற்பாளர் பட்டியலே நல்ல தொடக்கம்: வெனிஸ், சாவோ பாலோ, ஷார்ஜா, குவாங்ஜு, கொச்சி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஜெர்மனியின் காசலில் 100 நாள் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சியும் அப்படித்தான். முழுப் பட்டியலையும் மேய வேண்டாம். கண்ணில் பட்ட ஐந்து பேரை எடுத்து ஆளுக்குப் பத்துப் படைப்புகள் பாருங்கள். ஒரே ஒரு படைப்பை வைத்து ஒருவரைப் பிடிக்கும், பிடிக்காது என்று முடிவு கட்டுவது சரிவராது. பிரிட்டனின் டர்னர் பரிசு மாதிரியான கலை விருதுகளில் ஜெயித்தவரோடு நிற்காமல் இறுதிச் சுற்றில் இருந்த மற்றவர்களையும் பாருங்கள்.

பெரும்பாலான தனியார் கேலரிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வாங்கத்தான் வந்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. படைப்புகளின் பட்டியல் தாளைக் கேட்டு வாங்குங்கள். படத்தை எடுத்த அடுத்த போட்டோ அதன் பெயர்ச்சீட்டாக இருக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பொருத்திக்கொள்ளலாம் என்றால் நடக்காது. ஓவியக் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள். பாதி சுமாராக இருக்கும், ஆனால் வேறெங்கும் இன்னும் பெயர் வராதவர்களை அங்கேதான் பார்க்க முடியும்.

இன்ஸ்டாகிராமில் ஓவியரைப் பின்தொடர்பவர்களைப் பார்ப்பதால் பயனில்லை. அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். மற்றவர்கள் அவரைக் குறித்துப் போட்ட படங்களையும் பாருங்கள். மெருகில்லாத உண்மை நிறம் அங்கேதான் இருக்கும்.

நடக்கும் நேரம்

கடை ஷட்டர்களில் வரைந்ததைப் பார்க்க வேண்டுமானால் கடை திறக்குமுன் போக வேண்டும். பத்து மணிக்குப் போனால் பாதி ஓவியம் மேலே சுருண்டிருக்கும். லண்டனின் லீக் தெருச் சுரங்கம்போல் யார் வேண்டுமானாலும் வரைய அனுமதியுள்ள சுவர்களில் நேற்றிருந்தது இன்று இருக்காது என்பதால் அங்கே திரும்பத் திரும்பப் போகலாம். புகழ்பெற்ற பெரிய சுவரைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அதைச் சுற்றிப் பத்து நிமிட நடையில் உள்ள சந்துகளைப் பாருங்கள். விழாவுக்கு வந்த ஓவியர்கள் போகிற போக்கில் சின்னதாக ஒன்றை விட்டுப்போவதுண்டு. ஓவியம் தேடித் தண்டவாளத்திலோ பாழடைந்த கட்டடத்திலோ மட்டும் இறங்க வேண்டாம்.

குறிப்பேட்டில் பெயர், இடம், பார்த்த தேதி, முறை, யார் மூலம் தெரிந்தது, கூடவே ஒரு வரி. அந்த ஒரு வரியில் ‘அருமை’ என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து எதுவும் நினைவுக்கு வராது. ‘மூன்று மாடி உயரத்துக்கு ஒரே பச்சை, நடுவில் சிவப்புச் செருப்பு’ என்று எழுதினால் சுவரே கண்முன் வந்து நிற்கும்.

எடுத்த படத்தை வெளியிடும்போது ஓவியர் பெயரைப் போடுங்கள். அச்சிட்டு விற்பதாக இருந்தால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள ஓவியத்தைப் படமெடுத்து விற்க ஜெர்மனி இடம் தருகிறது. பிரிட்டனில் அந்த அனுமதி கட்டடத்துக்கும் சிற்பத்துக்கும் உண்டு, சுவரோவியத்துக்கு இல்லை.

வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், கேட்காமல் முகத்தைப் படமெடுக்காதீர்கள். கேனைக் கீழே வைத்து ஓய்வெடுக்கும்போது ஒரே கேள்வி போதும்: இந்த ஊரில் வேறு யாருடைய சுவரை நான் பார்க்க வேண்டும்? பெயரைக் காதால் கேட்டு நீங்களே எழுதாதீர்கள். போனைக் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். இந்தப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் உச்சரிப்போடு ஒத்துப்போவது அபூர்வம்.