ஸ்டீராய்டிலிருந்து எலும்புச் செல்களைக் காக்கும் தாவரச் சேர்மங்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் புதிய மாணவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பூஞ்சை பிடித்த குடுவை, பெயர் எழுதாத குழாய் போன்றவற்றை அவர்களே பட்டுத் திருந்துவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஸ்டீராய்டு மருந்தால் சிதையும் எலும்புச் செல்களைத் தாவரச் சேர்மங்கள் காக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகளில், முடிவையே பொய்யாக்கும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஊதா நிறத்தை நம்புதல்

எம்டிடி சோதனையில், உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஒடுக்கி ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. 570 நானோமீட்டரில் அளக்கப்படும் அந்த ஊதாவின் அடர்த்தியைக் கொண்டே எத்தனை செல்கள் பிழைத்தன என்று கணிக்கிறோம். வெங்காயத்தில் மிகுந்துள்ள குவெர்செட்டின் தானே ஓர் ஒடுக்கி, அதாவது செல்கள் இல்லாமலே சாயத்தை ஊதாவாக்கக்கூடியது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இட்ட சுண்டெலி எலும்பாக்கச் செல்களில் அதைச் சேர்த்தபோதெல்லாம், செல்கள் வளரும் தட்டின் குழிகள் ஆழ்ந்த ஊதாவாயின. செல்கள் காக்கப்பட்டன என்று மகிழ்ந்து மூன்று மாதம் வரைபடம் வரைந்தேன். ஒருநாள், செல்களே இடாத வரிசையில் கைதவறிக் குவெர்செட்டினை ஊற்றிவிட்டு, வழக்கம்போல் சாயமும் இட்டேன். அந்த வரிசையும் ஊதாவானது. இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று: அந்த மூன்று மாதமும் நுண்ணோக்கியில் செல்கள் சுருங்கி, தட்டிலிருந்து கழன்று மிதந்ததைப் பார்த்துக்கொண்டே, கருவி காட்டிய எண்ணைத்தான் குறித்துவைத்தேன்.

ஆகவே ஒவ்வொரு தட்டிலும் செல்லற்ற குழிகளில் சேர்மத்தையும் சாயத்தையும் இட்டுப் பாருங்கள். மற்றக் குழிகளில் சாயம் இடுமுன் செல்கள் வளர்ந்த பழைய ஊடகத்தை (ஊட்டத் திரவத்தை) அகற்றிக் கழுவுங்கள். இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரைபான் நீலக் கணக்கோ, மடியத் தொடங்கிய செல்களைக் காட்டும் அனெக்சின் வி சோதனையோ ஒத்துப்போகாதவரை ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை எழுதாதீர்கள்.

டெக்சாமெத்தசோனின் அளவு

10 முதல் 100 நானோமோலார் வரை, அஸ்கார்பிக் அமிலத்துடனும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டுடனும் சேர்ந்து, இதே மருந்து மனித எலும்பு மஜ்ஜைச் செல்களை எலும்பாக்கச் செல்களாக முதிரச் செய்கிறது. பல மைக்ரோமோலார் (ஒரு மைக்ரோமோலார் ஆயிரம் நானோமோலார்) அளவில் எலும்பாக்கச் செல்களைச் சிதைக்கிறது. உங்கள் செல்களில் எந்த அளவு கொல்கிறது என்பதை முதலில் காட்டாமல், எதிலிருந்து காத்தீர்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

டிஎம்எஸ்ஓ

சேர்மங்களைக் கரைக்கப் பயன்படுத்தும் இந்தக் கரைப்பானை மட்டும் இட்ட குழி இல்லாத தட்டு செல்லாது.

குர்குமின்

மஞ்சளிலுள்ள இந்தச் சேர்மம், சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) இல்லாத ஊடகத்தில், 37 டிகிரியில், அரைமணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

ஜெனிஸ்டீனும் ஃபீனால் சிவப்பும்

சோயாவின் ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் இணைவது. ஊடகத்துக்கு நிறம் தரும் ஃபீனால் சிவப்பும் மெலிதாக ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்வதால், அது இல்லாத ஊடகமும், தன்னிடமுள்ள ஸ்டீராய்டுகள் நீங்கும்படி கரியால் சுத்திகரிக்கப்பட்ட சீரமும் வேண்டும்.

பிரண்டைச் சாறு

சாறு ஒரு சேர்மமன்று, பல சேர்மங்களின் கலவை.