பழைய அம்பாசிடரின் அசல் இருக்கை உறையை அடையாளம் கண்டு மீட்பது எப்படி

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் ஓர் அம்பாசிடர் மார்க் 2 நிற்கிறது. கே.எல்.டி. என்று தொடங்கும் திருவனந்தபுரத்துப் பழைய எண்பலகையோடு என் தந்தை வாங்கிய வண்டி அது. அதன் முன்னிருக்கையில் மேலே துவாலைத் துணி, அதன் கீழ் வெல்வெட், அதற்கும் கீழ் கறுப்பு ரெக்ஸின் என்று மூன்று உறைகள் இருந்தன. கறுப்புதான் அசல் என்று வீட்டில் அனைவரும் உறுதியாகச் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பி, கறுப்பு ரெக்ஸின் வாங்கத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கே போய்விட்டு வந்தேன். பிறகு முதுகுச்சாய்வின் அடிமடிப்பைப் பிரித்தபோது, நான்கு விரல் அகலத்தில் அரக்கு நிறத்தில் நான்காவது உறை ஒன்று வெளிப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து எழுதும் விளக்கம் இது.

இருக்கையை வண்டியிலிருந்து கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் வண்டியின் வழிவந்த இந்த வண்டிகளில் அங்குல அளவு ஸ்பானர்தான் சரியாகப் பொருந்தும் என்பதையும், மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் துருப்பிடித்த போல்ட்டின் தலை உருண்டுவிடும் என்பதையும் மட்டும் நினைவில் வைத்தால் போதும். கழற்றுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசல் எது என்று கண்டறிதல்

வெயிலும் கையும் படாத இடத்தில்தான் அசல் மிஞ்சியிருக்கும். இருக்கையின் அடிச்சட்டத்தைச் சுற்றி மடித்துக் கட்டிய ஓரம், முதுகுச்சாய்வும் அடிமெத்தையும் சந்திக்கும் இடுக்கு, கதவில் கைப்பிடிக்கும் கண்ணாடி ஏற்றும் பிடிக்கும் அடியில் உள்ள வட்டம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். குஷன் கடைக்காரர்கள் இருக்கைக்கு மட்டும் புதிய உறை போட்டுவிட்டுக் கதவு அட்டையைத் தொடாமல் விட்டிருப்பது வழக்கம் என்பதால், கதவுதான் பெரும்பாலும் சரியான சாட்சி. எங்கள் வண்டியில் கண்ணாடிப் பிடியைக் கழற்றியதும் அதன் அடியில் அதே அரக்கு நிறம், மங்காமல், ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. புதிய துணிக்கு நிறம் பொருத்தும்போது அந்த வட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கையின் மேற்பரப்பில் தெரிவது ஐம்பது ஆண்டு வெயில் தின்ற நிறம்.

இரண்டாவது சாட்சி துரு. உறையைச் சட்டத்தின் கம்பியோடு இணைக்கும் ஹாக் ரிங் எனப்படும் சிறு வளையங்கள், எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் ஓரிரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து, அடியில் உள்ள சாக்குத்துணியில் பழுப்பு வட்டங்களைப் பதித்துவிடுகின்றன. மிகப் பழைய, மிக ஆழமான வட்டங்களோடு எந்த உறையின் ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவோ அதுவே முதலில் போட்ட உறை. பின்னால் வந்தவை வேறு இடங்களில் குத்தப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக, துணியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பழைய ரெக்ஸினின் பின்புறம் குறுக்கும் நெடுக்கும் நெய்த பருத்தித் துணியாக இருக்கும். இன்று கடையில் கிடைப்பதன் பின்புறம் பெரும்பாலும் பனியன் போலப் பின்னிய பாலியெஸ்டராக இருக்கும். உண்மையான தோல் என்றால் பின்புறம் துணியே இராது. நார்நாராகச் சொரசொரப்பாக இருக்கும். மேற்புறத் துளைகளும் ஒழுங்கற்று இருக்கும். ரெக்ஸினில் ஒரே வரிவடிவம் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

ரெக்ஸின் என்ற சொல்லையே நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். அது மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்னும் ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்; துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூர எண்ணெயும் நிறமும் கலந்து பூசித் தோல் போல அச்சு வைத்த பொருள். பின்னால் பி.வி.சி. பூசிய துணி வந்து அதன் இடத்தைப் பிடித்தாலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எது என்று தெரிய வேண்டுமானால், மறைவான மடிப்பிலிருந்து நகக்கண் அளவு துண்டை வெட்டி, திறந்த வெளியில், மூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு சோதியுங்கள்: நன்றாகச் சூடாக்கிய செம்புக் கம்பியை அதில் தொட்டு மீண்டும் தீயில் காட்டினால் பி.வி.சி. பச்சைச் சுடர் தரும். செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சோ தீ பட்டவுடன் குப்பென்று எரிந்துவிடும். தோல் கருகினால் முடி கருகும் நாற்றம் வரும். துண்டு சிறிதாக இருக்கட்டும், புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்பதால், இங்கிலாந்து வண்டிகளின் படத்தைப் பார்த்து இங்கும் தோல் இருக்கை இருந்திருக்கும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது தவறான வழி. உங்கள் வண்டியின் மடிப்புக்குள் இருப்பதே ஆதாரம். இங்கிலாந்திலிருந்து வந்த மோரிஸ் மைனர் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்திலிருந்து தொழிற்சாலைப் பதிவேட்டின்படியான சான்றிதழைப் பெறலாம்.

பிரிப்பதும் சுத்தம் செய்வதும்

அசல் உறை கண்ணீர் வருமளவு கிழிந்திருந்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். புதிய உறைக்கான அச்சு அதுதான். ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் எண்ணும், மேற்பக்கம் எது என்பதைக் காட்டும் அம்புக்குறியும் எழுதிய பிறகு, அடுத்தடுத்த துண்டுகளின் குறுக்கே மூன்று விரலுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டுதான் தையலைப் பிரிக்க வேண்டும். பிளேடால் பிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. செருப்புத் தைப்பவரின் சிறு கத்தியும், தையற்கடையில் விற்கும் தையல் பிரிக்கும் கொக்கியும் போதும்.

கிழியாத பகுதிகளை வெதுவெதுப்பான நீரில் மிகக் குறைவாகச் சோப்புக் கலந்து மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல், பிளீச்சிங் பவுடர் மூன்றும் வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விறைத்துப்போன ரெக்ஸினில் எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள் பளபளக்கும், பிறகு பருத்தி முதுகில் ஊறி, சிக்குப் பிடித்து, தூசியையும் பூஞ்சையையும் அழைத்து வரும். பி.வி.சி.க்கு நெகிழ்வு தந்த பொருள் ஆண்டுக்கணக்கில் வெளியேறியதால்தான் அது விறைக்கிறது. மேலே எதைத் தடவினாலும் அது திரும்பி உள்ளே போகாது.

சிறு கிழிசல் என்றால், மடிப்புக்குள்ளிருந்து வெட்டிய அதே துணியின் துண்டை அடியில் வைத்து, நெகிழும் தன்மையுள்ள வினைல் பசையால் ஒட்டலாம். தையலோரம் பிரிந்திருந்தால், பழைய ஊசித் துளைகளின் வழியாகவே கையால் தையுங்கள். மெஷினில் மறுபடி ஓட்டினால் புதிய துளைகளும் சேர்ந்து, தபால்தலையின் ஓரம் போல அந்தக் கோடு முழுவதும் கிழிந்து கையோடு வரும்.

உள்ளே இருப்பது

ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே புதிய சாக்குத்துணி கட்டுங்கள். அதன் மேல் என்ன வைப்பது என்பதில் எனக்குத் தெளிவான சார்பு உண்டு. கடைக்காரர்கள் முழுவதும் ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்வார்கள். ஜூனில் தொடங்கும் மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து பெய்யும் எங்கள் நாட்டில் அது ஈரத்தைக் குடித்துச் சில ஆண்டுகளில் மாவாக உதிர்கிறது. தென்னந்தும்பின் மேல் ரப்பர் பால் தெளித்து வேகவைத்த ரப்பரைஸ்டு காயர் பலகைக்கு வேண்டிய இரண்டு பொருளும் நம் பக்கத்திலேயே விளைகின்றன, காற்றும் ஊடுருவும். அதை அடியில் வைத்து, மேலே ஓர் அங்குல ஸ்பாஞ்ச், அதற்கு மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு என்று வைத்தால் உட்காரும்போது பழைய வண்டியின் உணர்வு கெடாது. ஸ்பாஞ்ச் வாங்கும்போது 40 அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள்.

மடிப்புக் கோடுகள்: நான் துணியை வீணாக்கிய இடம்

அம்பாசிடர் இருக்கையின் நடுப்பகுதியில் வரிவரியாகப் புடைத்து நிற்கும் மடிப்புகள் எளிதாகத் தோன்றும். எங்கள் வண்டியின் ஒரு பகுதியில் ஒன்றரை அங்குல அகலத்தில் 14 வரிகள் இருந்தன. 14 × 1.5 என்று பெருக்கி 21 அங்குலம், இரு பக்கத் தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்து 22 அங்குலம் என்று புதிய துணியை வெட்டி, அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்துக் கோடு கோடாகத் தைத்தேன். தைத்து முடித்து அளந்தபோது 18.5 அங்குலம்தான் இருந்தது. ஒவ்வொரு வரியும் புடைத்து எழுவதற்குக் கால் அங்குலத் துணியை விழுங்கிவிட்டது. 14 வரிக்கு மூன்றரை அங்குலம். மார்த்தாண்டத்துக் குஷன் கடை மேசிரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சாறே, வெட்டிட்டுத் தைக்கப்பிடாது, தைச்சிட்டுத்தான் வெட்டணும்” என்றார்.

முழு வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முதலில், உதிரித் துண்டில் நான்கு வரிகள் மட்டும் தைத்துப் பாருங்கள். தைத்த பின் அகலம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து நான்கால் வகுத்தால், உங்கள் ஸ்பாஞ்சின் தடிமனுக்கு ஒரு வரி எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரியும். எனக்குக் கால் அங்குலம் என்பதால், ரெக்ஸினின் பின்புறத்தில் 1.75 அங்குல இடைவெளியிலும், ஸ்பாஞ்சின் அடியில் வரும் அடித்துணியில் 1.5 அங்குல இடைவெளியிலும் கோடுகள் இழுத்து, இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுமாறு தைத்தேன். ரெக்ஸின் 24.5 அங்குலமும் தையலுக்கு ஓர் அங்குலமும் வேண்டும். அதற்கு மேல் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டுவிடுங்கள். எல்லா வரிகளையும் தைத்து முடித்த பிறகே பழைய உறையிலிருந்து எடுத்த அட்டை அச்சை அதன் மேல் வைத்து, நடுக்கோட்டைத் தைத்த பகுதியின் நடுவோடு பொருத்தி, வெட்ட வேண்டும்.

தையலுக்கு நைலான் நூலும் 18-ஆம் எண் ஊசியும் போதும். அங்குலத்துக்கு ஏழு தையலுக்கு மேல் நெருக்காதீர்கள். வீட்டு மெஷின் இதைத் தாங்காது. மேலும் கீழும் துணியைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் உள்ள கடையில் தைக்கக் கொடுப்பதே நல்லது. கோடு இழுப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

உறையை மாட்டும் நாளில் அதை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி ஹாக் ரிங் வளையம் போடுங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் எதிர்மூலையில் சுருக்கம் நிற்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர், கணக்கு சரியாக இருந்தும் வரிகள் அலை அலையாக நெளிகின்றன என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது: பின்னிய முதுகுள்ள புதிய ரெக்ஸின் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இழுபடும், அவர் துணியை மிச்சப்படுத்த இரண்டு பகுதிகளைக் குறுக்காகத் திருப்பி வெட்டியிருக்கிறார். இழுபடாத திசை வரிகளின் நீளவாட்டில் வருமாறு எல்லாத் துண்டுகளையும் ஒரே போக்கில் வெட்ட வேண்டும்.

இன்னொருவர் தம் வண்டியின் பழைய உறையில் வரிகள் உண்டு, நூல் இல்லை என்றார். அது சூட்டால் அழுத்தி ஒட்டிய வகை. அதற்கு மேலே சொன்ன முறையில் தைத்தால் அழகாக வரும், ஆனால் அசலாக இராது. அந்த வகை உறை கிழியாமல் இருந்தால் கழுவி அப்படியே மாட்டிக்கொள்வதைத்தான் நான் செய்வேன்.