தெள்ளுப்பூச்சி டைஃபஸ் காய்ச்சல்: குழந்தைக்கு எப்படி, பெரியவருக்கு எப்படி

காய்ச்சல் நாலு நாளாகக் குறையவில்லை, டெங்கு நெகட்டிவ், தொண்டையிலும் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் பூனை, நாய் இருக்கிறதா, எலி நடமாட்டம் உண்டா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தெள்ளுப்பூச்சி மூலமாக வரும் டைஃபஸை வைரல் காய்ச்சல் என்றே நினைத்து நாட்களைக் கடத்திவிடுவோம், சரியான மாத்திரை கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கக்கூடிய நோய் இது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

டைஃபாய்டு வேறு, இது வேறு. உண்ணிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸும் வேறுதான். அதில் பூச்சி கடித்த இடத்தில் கருகின பொருக்கு ஒன்று இருக்கலாம், இதில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. இதற்குக் காரணம் ரிக்கெட்சியா டைஃபி என்ற பாக்டீரியா. எலித்தெள்ளு, பூனைத்தெள்ளு இரண்டுமே பரப்பும். கடியைவிட அதன் எச்சம்தான் வில்லன்: கடித்த இடத்தைச் சொறியும்போது எச்சம் தோலுக்குள் போய்விடுகிறது, கண்ணைத் தேய்த்தாலும் போகும். கடித்ததே பலருக்கு நினைவிருக்காது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, ஆனால் ஒரே வீட்டில் எல்லோரையும் அதே தெள்ளுகள் கடித்திருந்தால் இரண்டு பேருக்கு வரலாம்.

தொற்றின பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். பெரியவர்களுக்குத் திடீரென்று குளிர் நடுக்கம், அதிகக் காய்ச்சல், கண்ணைத் திறக்க முடியாத தலைவலி, உடம்பு முறித்துப் போட்ட வலி. சிலருக்கு வறட்டு இருமலும் சேரும், அப்போது நெஞ்சுச் சளி என்று தவறாக நினைப்பது எளிது. வயதானவர்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். குழப்பமாகப் பேசுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது எல்லாம் அவர்களிடம்தான் அதிகம்.

குழந்தைகளிடம் படம் கொஞ்சம் மாறும். வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு முன்னால் வந்து நிற்கும், வயிற்றுக் கோளாறு என்றே தோன்றும். பகலில் ஓரளவு விளையாடிவிட்டு ராத்திரி காய்ச்சல் ஏறும் பிள்ளைகளும் உண்டு, அதனால் பகலில் தெம்பாக இருப்பதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். சின்னக் குழந்தை தலைவலியைச் சொல்லாது, சிணுங்கும், வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பும். பொதுவாகக் குழந்தைகளுக்கு லேசாகவே போய்விடும், ஆனால் எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது.

காய்ச்சல், தலைவலி, தடிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் டைஃபஸ் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. தடிப்பு பெரும்பாலும் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் வாக்கில் வரும், பலருக்கு வரவே வராது. வயிறு, நெஞ்சு, முதுகில் தொடங்கிக் கை கால்களுக்குப் பரவும். உள்ளங்கை, உள்ளங்கால், முகம் பெரும்பாலும் தப்பிக்கும். அரிக்காது. மாநிறத் தோலில் குழல்விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் போகும், ஜன்னலோரம் நிறுத்திச் சட்டையைக் கழற்றி, அக்குள், விலா, வயிற்றைப் பாருங்கள். கண்ணாடி டம்ளரை அழுத்தினால் ஆரம்பப் புள்ளிகள் மறையும். அழுத்தியும் மறையாத புள்ளி, வலிப்பு, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இதில் எது இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் அளவை நேரத்தோடு எழுதிக் கொண்டு போங்கள், "வீட்டில் பூனை இருக்கிறது, தெள்ளு இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டும் சோடியமும் குறைந்து, லிவர் என்சைம் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆன்டிபாடி பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவாக வருவது சகஜம், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரண்டாவது மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் உறுதியாகும். அதனால் சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்குவார்கள்.

மருந்து டாக்ஸிசைக்ளின். குழந்தைக்குப் பல் கறையாகுமே என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் குறுகிய கால அளவில் அந்தப் பயம் வேண்டாம், எட்டு வயதுக்குக் கீழும் இதுவே முதல் தேர்வு. கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. மருந்து ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும், இறங்கவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். இறங்கிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

அப்புறம் வீடு. பூனையைப் பல் நெருங்கின சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். கையுறையோடு செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கால்நடை மருத்துவர் தரும் தெள்ளு மருந்து போடுங்கள், ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அது அதற்கு விஷம். முதலில் தெள்ளை ஒழித்துவிட்டுத்தான் எலிக்குப் போக வேண்டும், ஏனென்றால் எலி செத்தால் அதன் உடம்பில் இருக்கும் தெள்ளுகள் அடுத்த ரத்தத்தைத் தேடி உங்கள் பக்கம்தான் வரும்.